ஸ்குவாலஸ், செயில்ஃபிஷ், ஸ்கல்பின்: விதியா, பணிவரலாறா?

நெய்தல்நிலவன்

அமெரிக்கக் கடற்படையின் சார்கோ வகை நீர்மூழ்கிகளின் பணிவரலாறுகளைப் படித்து, கப்பலுக்கு ஒரு பக்கம் என்ற அளவில் குறிப்பெழுதி வருகிறேன். எஸ்எஸ்-192 என்ற எண் கொண்ட கப்பலுக்கு வந்ததும் வேலை நின்றுவிட்டது. 1939 மார்ச் 1 அன்று ‘ஸ்குவாலஸ்’ என்ற பெயரில் பணியில் சேர்ந்த அந்தக் கப்பல், மூன்று மாதம் நிறைவதற்குள், மே 23 அன்று நியூ ஹாம்ப்ஷயர் கரைக்கு அப்பால் சோதனை முழுக்கின்போது மூழ்கியது. அதிலிருந்த 59 பேரில் 26 பேர் இறந்தனர். செப்டம்பரில் கடலடியிலிருந்து மேலே கொண்டுவரப்பட்டுப் பழுது நீக்கப்பட்டு, 1940 மே 15 அன்று ‘செயில்ஃபிஷ்’ என்ற பெயரில் மீண்டும் பணிக்கு வந்தது. இதை ஒரு பக்கமாக எழுதுவதா, இரண்டு பக்கமாக எழுதுவதா?

இரண்டாவது கேள்வி ஸ்கல்பின் பற்றியது. மூழ்கிக் கிடந்த ஸ்குவாலஸை முதலில் கண்டுபிடித்தது அதன் சகோதரக் கப்பலான ஸ்கல்பின். 1943 டிசம்பரில் செயில்ஃபிஷ் ஒரு ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தபோது, அதற்குள் கைதிகளாக இருந்தவர்கள் ஸ்கல்பினின் மாலுமிகள். இதை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ‘விதியின் கொடுமை’ என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்கு மேல் சொல்வதற்கு ஏதேனும் உண்டா என்று அறிந்தவர்கள் கூறவேண்டும்.

அலைவாய்க்கரை

முதல் கேள்விக்குத் தயக்கமின்றி விடை சொல்லலாம்: ஒரே கப்பல், ஒரே பக்கம். அமெரிக்கக் கடற்படையில் பெயர் கப்பலுக்குக் கப்பல் மாறிப்போகும். உடல் எண் மாறாது. ‘சீலயன்’ என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்எஸ்-195 ஆன முதல் சீலயன் 1941 டிசம்பர் 10 அன்று மணிலா விரிகுடாவின் கவிட்டே தளத்தில் குண்டுவீச்சில் சிதைந்தது. 1944 நவம்பரில் கொங்கோ என்ற ஜப்பானியப் போர்க்கப்பலை மூழ்கடித்த சீலயன், எஸ்எஸ்-315 என்ற வேறொரு கப்பல். அங்கே பெயர் ஒன்று, கப்பல் இரண்டு; உங்கள் கப்பலிலோ பெயர் இரண்டு, கப்பல் ஒன்று. அது 192 என்ற எண்ணோடு பிறந்து, அதே எண்ணோடுதான் 1945 அக்டோபரில் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டது.

பெயரை ஏன் மாற்றினார்கள் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. 26 பேர் இறந்த கப்பலில் மறுபடியும் ஆளேற்ற வேண்டியிருந்தது. பெயர் மாறிய பிறகும் மாலுமிகள் இரண்டையும் ஒட்டி ‘ஸ்குவெய்ல்ஃபிஷ்’ என்று தங்களுக்குள் அழைத்துக்கொண்டார்கள் என்பார்கள்.

இரண்டாவது கேள்வியில் எனக்குத் திட்டவட்டமான கருத்து உண்டு. ஆனால் 1939இல் நடந்ததை முதலில் யாராவது ஒழுங்காக எடுத்துரைத்தால்தான் அதைப் பேச முடியும். இயந்திரமணி ஐயா இந்தப் பக்கம் வந்தால் நல்லது.

இயந்திரமணி

வந்துவிட்டேன். அக்கால நீர்மூழ்கி, நீர்மேல் செல்லும்போது டீசல் எஞ்சினிலும், நீருக்குள் மின்கலத்திலும் ஓடும். டீசல் எஞ்சின்கள் பெருமளவு காற்றை உறிஞ்சுபவை. அந்தக் காற்று, கட்டளைக் கோபுரத்துக்குப் பின்னால் உயரத்தில் இருந்த ஒரு பெரிய காற்றேற்பு வால்வின் வழியாக உள்ளே வரும். முழுகுவதற்கு முன் எஞ்சினை நிறுத்தி இந்த வால்வை மூடவேண்டும். உடலில் உள்ள திறப்புகள் ஒவ்வொன்றின் நிலையையும் கட்டுப்பாட்டு அறையில் ஒரு விளக்குப் பலகை காட்டும். திறந்திருந்தால் சிவப்பு, மூடியிருந்தால் பச்சை.

மே 23 காலையில் அந்தப் பலகை முழுவதும் பச்சையாகவே இருந்தது. கப்பல் முழுகத் தொடங்கியதும் காற்றேற்புக் குழாய் வழியாக எஞ்சின் அறைகளுக்குள் கடல் புகுந்தது. பின்புற டார்பிடோ அறை, இரண்டு எஞ்சின் அறைகள், பின்புற மின்கலத்துக்கு மேலிருந்த மாலுமிகளின் குடியிருப்பு ஆகிய எல்லாம் நீரில் மூழ்கின. கட்டுப்பாட்டு அறையின் பின்கதவருகே நின்ற மின்பணி மாலுமி ஒருவர், ஓடிவந்தவர்கள் கடக்கும்வரை கதவைப் பிடித்திருந்து, பிறகு மேல்நோக்கிச் சாய்ந்த நிலையில் கனத்த அந்த இரும்புக் கதவை இழுத்து மூடினார். அது மூடியிராவிட்டால் 33 பேர் பிழைத்திருக்க வாய்ப்பே இல்லை. கப்பல் ஏறத்தாழ 240 அடி ஆழத்தில் தரைதட்டியது.

வால்வின் இயக்கப் பொறியமைப்பில் ஏற்பட்ட கோளாறே காரணம் என்று விசாரணை முடிவு செய்தது. இதில் நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான். அந்தக் கப்பல் அதற்கு முன் பதினெட்டு முறை சிக்கலின்றி முழுகி எழுந்திருந்தது. விளக்குப் பலகையை நம்பியது அவர்களுடைய அலட்சியம் அன்று. வேறு எதை நம்புவது?

கீழைக்காற்று

ஐயா, ஒரு சந்தேகம். ‘மாம்சன் நுரையீரல்’ என்ற தப்பிக்கும் மூச்சுக்கருவி அப்போதே இருந்ததல்லவா? 33 பேரும் அதை அணிந்துகொண்டு ஏன் வெளியேறவில்லை?

இயந்திரமணி

இருந்தது, கப்பலிலும் இருந்தது. ஆனால் 240 அடி ஆழம், மே மாதத்து வடக்கு அட்லாண்டிக்கின் குளிர்நீர், மேலே போனால் ஏற்றிக்கொள்ளக் கப்பல் நிற்கிறதா என்பது தெரியாத நிலை. கப்பல் தலைவர் ஆலிவர் நாக்வின் காத்திருக்க முடிவு செய்தார். புகை ராக்கெட்டுகளை மேலே அனுப்பினார்கள். தொலைபேசி பொருத்திய அடையாள மிதவையையும் விட்டார்கள். அதைக் கண்டு வந்தது ஸ்கல்பின். அதன் தலைவர் வாரன் வில்கின் மிதவைத் தொலைபேசியில் நாக்வினோடு பேசத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே கம்பி அறுந்துவிட்டது. ஆயினும் இடம் தெரிந்துவிட்டது.

மறுநாள் நியூ லண்டனிலிருந்து ஃபால்கன் என்ற மீட்புக் கப்பல் வந்தது. அது ஏற்றி வந்தது, மணி வடிவிலான மீட்பு அறை. அதன் மூலக்கருத்து சார்ல்ஸ் மாம்சனுடையது. அதை முழுமையாக்கியவர் ஆலன் மெக்கான் என்பதால் அவர் பெயராலேயே வழங்குகிறது. மூழ்குநர் ஒருவர் இறங்கி நீர்மூழ்கியின் தப்பிக்கும் வாயிலில் வடத்தை மாட்டவேண்டும். மீட்பு அறை அந்த வடத்தைத் தானே சுருட்டிக்கொண்டு இறங்கி, வாயிலின் மேல் பொருந்தி, அடியறையின் நீரை வெளியேற்றும். பிறகு கடலின் அழுத்தமே அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். நான்கு நடைகளில் 7, 9, 9, 8 என 33 பேரும் மேலே வந்தார்கள். கடைசி நடையில் வடம் சிக்கிப் பிரிந்துபோகத் தொடங்கியதால், மீட்பு அறையைத் திரும்பவும் கடலடிக்கு இறக்கி, பிறகு ஃபால்கனின் தளத்திலிருந்து கையாலேயே கயிற்றை இழுத்து ஏற்றவேண்டியிருந்தது. மே 25 அன்று ஐந்தாவது நடை பின்புற அறைக்கு அனுப்பப்பட்டது. அங்கே நீர் நிறைந்திருந்ததால் யாரும் உயிரோடில்லை என்பது உறுதியாயிற்று. இந்தப் பணிக்காக மூழ்குநர்கள் நால்வருக்கு அமெரிக்காவின் உயரிய விருதான மெடல் ஆஃப் ஆனர் வழங்கப்பட்டது. அமைதிக்காலத்தில் அது கிடைப்பது அரிது.

அலைவாய்க்கரை

கப்பலைத் தூக்கிய கதையையும் இரண்டு வரியில் சேர்த்துவிடுகிறேன். ஜூலை 13 அன்று நடந்த முதல் முயற்சியில் முன்பகுதி கட்டுக்கடங்காமல் கடலைப் பிளந்துகொண்டு எழுந்து, வடங்களை நழுவவிட்டு மறுபடியும் அடியில் போய் விழுந்தது; அந்தக் காட்சியின் ஒளிப்படம் புகழ்பெற்றது. செப்டம்பர் 13 அன்று ஒருவழியாகக் கப்பல் துறைக்குள் இழுத்துவரப்பட்டது. மீட்பும் தூக்கலும் சேர்த்து அறுநூறுக்கும் மேற்பட்ட முழுக்குகள். ஹீலியமும் ஆக்சிஜனும் கலந்த வாயுவைச் சுவாசித்து ஆழத்தில் வேலை செய்யும் முறை உண்மையான பணியில் தேறியது இங்கேதான். சாதாரணக் காற்றில் அந்த ஆழத்துக்கு இறங்கியவர்களுக்குப் புத்தி மந்தப்பட்டுப்போவது பெரும் இடராக இருந்தது.

கீழைக்காற்று

ஸ்கல்பினின் முடிவையும் யாராவது முழுமையாக எழுதினால் நன்றாக இருக்கும். எனக்குத் தெரிந்ததெல்லாம் அது பசிபிக்கில் ஜப்பானியரின் தளமாக இருந்த ட்ரக் தீவுப் பகுதியில் மூழ்கியது என்பது மட்டுமே.

பவளத்திட்டு

நான் எழுதுகிறேன். ஸ்கல்பினின் எண் எஸ்எஸ்-191, அதாவது ஸ்குவாலஸுக்கு நேர்முந்தைய எண். இரண்டும் ஒரே தளத்தில் பிறந்தவை. 1943 நவம்பரில் அது தன் ஒன்பதாவது ரோந்தில் இருந்தது. புதிய தலைவர் ஃபிரெட் கானவே. கூடவே ஜான் குராம்வெல் என்ற மூத்த அதிகாரியும் பயணம் செய்தார். தேவைப்பட்டால் சில நீர்மூழ்கிகளை ஒரு கூட்டமாக நடத்துவது அவர் பொறுப்பு. கில்பர்ட் தீவுகளில், தராவாவிலும் மக்கினிலும், நவம்பர் 20 அன்று தரையிறங்கும் திட்டம் அவருக்கு முழுமையாகத் தெரியும். அதைவிட முக்கியமாக, ஜப்பானியரின் சங்கேதச் செய்திகளை அமெரிக்கர்கள் படித்துவருகிறார்கள் என்பதும் தெரியும்.

நவம்பர் 19 அன்று ஒரு கப்பல் அணியைத் தாக்க முயன்ற ஸ்கல்பினை யமகுமோ என்ற நாசகாரிக் கப்பல் பிடித்துக்கொண்டது. ஆழ்வெடிகுண்டுகளில் சேதமுற்றிருந்த நிலையில் மேலே எழ முயன்றபோது, ஆழமானி 125 அடியிலேயே சிக்கி நின்றுவிட்டது. இன்னும் ஆழத்தில் இருக்கிறோம் என்று எண்ணிக்கொண்டே கப்பல் நீர்ப்பரப்பைக் கிழித்து வெளியே வந்துவிட, எதிரி அதைப் பார்த்துவிட்டான். முடிவில் வேறு வழியின்றி மேலே வந்து தளப் பீரங்கியால் போரிட்டார்கள். கானவே கொல்லப்பட்டார். பொறுப்பேற்ற ஜார்ஜ் பிரவுன், கப்பலைத் தாமே மூழ்கடித்து ஆட்களை வெளியேற்ற உத்தரவிட்டார். குராம்வெல் வெளியேறவில்லை. பிடிபட்டுச் சித்திரவதையில் வாய் திறந்துவிட நேரலாம் என்பதால் கப்பலோடு இறங்கினார். அவருக்கும் மெடல் ஆஃப் ஆனர், மறைவுக்குப் பின்.

கப்பலிலிருந்த 84 பேரில் 42 பேரை ஜப்பானியர் கடலிலிருந்து எடுத்தனர். படுகாயமுற்ற ஒருவரைத் திரும்பக் கடலிலேயே எறிந்தனர். எஞ்சிய 41 பேரை ட்ரக்கில் விசாரித்துவிட்டு, ஜப்பானுக்குக் கொண்டுசெல்ல இரண்டு துணை விமானந்தாங்கிகளில் ஏற்றினர்: சூயோவில் 21 பேர், உன்யோவில் 20 பேர்.

செயில்ஃபிஷ் நவம்பர் 17 அன்று ராபர்ட் வார்டின் தலைமையில் பேர்ல் ஹார்பரை விட்டுப் புறப்பட்டிருந்தது. அது அதன் பத்தாவது ரோந்து. டிசம்பர் 3 நள்ளிரவுக்குச் சற்று முன், ஹொன்ஷுவுக்குத் தென்கிழக்கே, சூறாவளியின் நடுவே ரேடாரில் கப்பல் அணி தென்பட்டது. நள்ளிரவு கடந்ததும் நான்கு டார்பிடோக்கள், விடியும் வேளையில் மூன்று, முற்பகலில் மூன்று என ஏறத்தாழ பத்து மணி நேரம் துரத்தித் துரத்தி அடித்ததில் சூயோ மூழ்கியது. ஏறத்தாழ 1,250 பேர் இறந்தனர். ஸ்கல்பினின் 21 பேரில் பிழைத்தவர் ஒருவர் மட்டுமே. உன்யோவில் போன 20 பேர் ஆஷியோ செப்புச் சுரங்கத்தில் கைதிகளாக உழைத்து, போர் முடிந்ததும் வீடு திரும்பினர். அந்தப் போரில் அமெரிக்க நீர்மூழ்கி மூழ்கடித்த முதல் விமானந்தாங்கி சூயோதான். கைதிகள் இருந்த செய்தி வார்டுக்குத் தெரியாது.

அலைவாய்க்கரை

நன்றி பவளத்திட்டு. இப்போது என் கருத்தைச் சொல்கிறேன். இதை ‘விதி’ என்று எழுதுகிறவர்கள், 1939க்கும் 1943க்கும் இடையே இருந்தவற்றை எல்லாம் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

முதலாவது, அந்தக் காலத்து அமெரிக்க நீர்மூழ்கிப் பிரிவு மிகச் சிறியது. ஒருவரையொருவர் மறுபடியும் சந்திக்காமல் இருப்பதுதான் கடினம். சீலயனைக் கவிட்டேயில் இழந்த அதன் தலைவர் ரிச்சர்ட் வோஜ், அடுத்து ஏற்றது செயில்ஃபிஷின் தலைமையை. பிறகு அவரே பேர்ல் ஹார்பரில் பசிபிக் நீர்மூழ்கிப் படைத் தளபதி லாக்வுட்டின் தலைமையகத்தில் நீர்மூழ்கிகளை எங்கே அனுப்புவது என்று வகுக்கும் இயக்க அதிகாரி ஆனார். ஸ்குவாலஸின் தலைவர் நாக்வினோ 1945இல் குவாமில் மேற்பரப்புக் கப்பல்களின் இயக்க அதிகாரி. அவ்வழியே ஜப்பானிய நீர்மூழ்கிகள் உலவுவது குறித்த உளவுச் செய்தி, அங்கிருந்து புறப்பட்டு ஜப்பானிய நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்ட இண்டியானாபொலிஸ் கப்பலின் தலைவருக்குப் போய்ச் சேரவில்லை. தேடினால் இப்படிப்பட்ட ‘விதி’ பக்கத்துக்குப் பக்கம் கிடைக்கும்.

இரண்டாவதைப் பெரும்பாலோர் சொல்வதே இல்லை. போரின் முதல் இரண்டு ஆண்டுகள் அமெரிக்கரின் மார்க் 14 டார்பிடோ ஒரு பெருந்தொல்லை. குறித்த ஆழத்தைவிடப் பத்தடி தாழ்வாக ஓடியது. காந்தவழி வெடிப்பி நேரம் தவறி வெடித்தது அல்லது வெடிக்கவே இல்லை. இவற்றைச் சரிசெய்த பிறகும், நேராக மோதினால் வெடிக்காத மூன்றாவது கோளாறு ஒளிந்திருந்தது. 1943 ஜூலையில் டினோசா என்ற நீர்மூழ்கி, நின்றுபோன தோனன் மாரு எண் 3 என்ற எண்ணெய்க் கப்பலின் பக்கவாட்டில் செங்கோணத்தில் டார்பிடோக்களை ஒவ்வொன்றாக அடித்தும் பயனில்லாமல் திரும்பியது. அப்போது ஹவாயின் கஹூலாவே தீவுப் பாறைகள்மீது டார்பிடோக்களை அடித்து, வெடிக்காத ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்க்கலாம் என்று யோசனை சொன்னவர் யார் தெரியுமா? ஸ்குவாலஸ் மீட்பை நடத்திய அதே மாம்சன். வெடிக்காமல் கிடந்த அந்த டார்பிடோவைத் தேடித் தாமே நீரில் இறங்கினார். பிறகு பாரந்தூக்கியிலிருந்து 90 அடி உயரத்தில் டார்பிடோ முனைகளை எஃகுத் தகட்டின்மேல் விழவைத்துப் பார்த்ததில், நேராக மோதியவற்றில் பத்துக்கு ஏழு செயலற்றுப்போயின. வெடிப்பூசி மோதலின் வேகத்தில் நசுங்கி நின்றுவிடுவதுதான் காரணம். இலகுவான ஊசி செய்து இலையுதிர்காலத்துக்குள் திருத்தினார்கள். செயில்ஃபிஷ் நவம்பரில் புறப்பட்டபோது இந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்திருந்தது.

ஆக, செயில்ஃபிஷ் கடலடியிலிருந்து திரும்பி வந்ததற்கும், 1943 டிசம்பரில் அமெரிக்க டார்பிடோ நம்பத்தக்கதாக இருந்ததற்கும் பின்னால் ஒரே மனிதரின் உழைப்பு இருக்கிறது. மாம்சனைச் சொல்லாமல் விதியைச் சொல்வது எனக்குச் சோம்பேறித்தனமாகத் தோன்றுகிறது.

பவளத்திட்டு

மாம்சனைப் பற்றியதை ஏற்கிறேன். ஆனால் விளக்கம் சொன்னதால் துயரம் குறைந்துவிடாது, அண்ணா. நீங்கள் அடுக்கிய காரணங்கள் ‘செயில்ஃபிஷ் ஏன் சூயோவை மூழ்கடிக்க முடிந்தது’ என்பதை விளக்குகின்றன. அந்த 21 பேர் உன்யோவில் ஏறாமல் சூயோவில் ஏறினார்கள் என்பதற்கு அவற்றில் விடை இல்லை. அங்கே தற்செயல் இருக்கத்தான் செய்கிறது.

சங்கேதச் செய்தி பற்றியும் ஒன்று. விமானந்தாங்கிகள் ட்ரக்கிலிருந்து யொகொசுகா நோக்கி வருகின்றன என்ற எச்சரிக்கை செயில்ஃபிஷுக்கு முன்பே வந்திருந்தது. அது சங்கேதம் உடைத்ததால் கிடைத்த செய்தி. குராம்வெல் உயிரைக் கொடுத்துக் காத்தது அதே இரகசியத்தைத்தான். அது காக்கப்பட்டதால்தான் எச்சரிக்கை தொடர்ந்து வந்தது. வந்ததால்தான் அவருடைய கப்பலின் மாலுமிகளே இறந்தார்கள். இதை விதி என்று சொல்ல வேண்டாம், சரி. வெறும் நிர்வாகத் தொடர்ச்சி என்றும் என்னால் எழுத முடியாது.

அலைவாய்க்கரை

குராம்வெல்லைப் பற்றி நீங்கள் சொன்னது என் வாதத்தைவிட வலுவானது. ஒரே ஒரு திருத்தத்தை மட்டும் முன்வைக்கிறேன்: சூயோவில் இறந்தவர்களைப் பற்றி எழுதும்போது, அதே கப்பல் நிட்டா மாரு என்ற பயணிகள் கப்பலாக இருந்த காலத்தில், 1942 ஜனவரியில் வேக் தீவில் பிடிபட்ட அமெரிக்கர்களையும் ஏற்றிச் சென்றதைச் சேர்த்தெழுதவேண்டும். கைதிகளைப் போர்க்கப்பல்களிலும் குறியிடாத கப்பல்களிலும் கொண்டுசென்றது ஜப்பானின் வழக்கமான நடைமுறை. அதன் விளைவாகத் தம் பக்கத்து நீர்மூழ்கிகளாலேயே இறந்த நேசநாட்டுக் கைதிகள் ஆயிரக்கணக்கானோர். சூயோவில் இறந்த ஸ்கல்பினின் 20 பேரை அந்தப் பெருங்கூட்டத்திலிருந்து பிரித்து நிறுத்தினால் கதை அழகாகும்; வரலாறு சிறுத்துவிடும்.

கீழைக்காற்று

இடையே ஒரு கேள்வி. மீட்பு அறை இருந்தும் 1963இல் திரெஷர் நீர்மூழ்கியில் 129 பேரையும் ஏன் காப்பாற்ற முடியவில்லை?

இயந்திரமணி

அது மூழ்கிய இடத்தின் ஆழம் 8,400 அடி. அவ்வளவு ஆழத்தில் உடலே நொறுங்கிவிடும். மீட்பதற்கு யாரும் இருக்கமாட்டார்கள். மீட்பு அறை, கண்டத்திட்டின் ஆழம்குறைந்த கடலில் கிடக்கும் கப்பலுக்கு மட்டுமே. அதனால்தான் திரெஷருக்குப் பிறகு கவனம் மீட்பிலிருந்து தடுப்புக்கு மாறி, கடல்நீர்க் குழாய்களின் பற்றவைப்பு முதல் அவசர மிதப்பு அமைப்புவரை ஒவ்வொன்றையும் சான்றளிக்கும் ‘சப்சேஃப்’ திட்டம் வந்தது. அச்சான்று பெற்ற எந்த நீர்மூழ்கியும் இதுவரை இழக்கப்படவில்லை. 1968இல் மூழ்கிய ஸ்கார்பியன் அச்சான்று பெறாதது. இதற்குத் தனி இழை தொடங்குங்கள்.

நெய்தல்நிலவன்

எல்லோருக்கும் நன்றி. எஸ்எஸ்-192ஐ ஒரே பக்கமாக எழுதி, 1939ஐயும் 1943ஐயும் மாம்சன் வழியாக இணைக்கப்போகிறேன். குராம்வெல்லை ஸ்கல்பின் பக்கத்தில் வைத்து, அங்கிருந்து இதற்கு ஒரு சுட்டுக்குறிப்பு கொடுக்கிறேன். செயில்ஃபிஷ் மூழ்கடித்த கப்பல்களின் அட்டவணையில் மட்டும் ஒரு குழப்பம்: போர்க்கால அறிக்கையில் உள்ளதற்கும் பின்னர் வந்த பட்டியலுக்கும் எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை.

பவளத்திட்டு

ஒத்துப்போகாது. பெரிஸ்கோப்பில் பார்த்தவர் நம்பியது ஒன்று. போருக்குப் பின் அமெரிக்க இராணுவமும் கடற்படையும் சேர்ந்து அமைத்த மதிப்பீட்டுக் குழு, ஜப்பானிய ஆவணங்களோடு ஒப்பிட்டு ஏற்றுக்கொண்டது மற்றொன்று. 1942 மார்ச் 2 அன்று லொம்போக் நீரிணை அருகே வோஜ் அடித்ததை ஒரு விமானந்தாங்கி என்றே கருதினார்கள். அது கமோகவா மாரு என்ற விமானம் ஏற்றிச்செல்லும் கப்பல் என்று பிறகு தெரிந்தது. மதிப்பீட்டுக் குழுவின் கணக்கில் செயில்ஃபிஷுக்கு 7 கப்பல்கள், ஏறத்தாழ 45,000 டன். அட்டவணையில் இதையே போடுங்கள். போர்க்கால அறிக்கையின் எண்ணைப் பக்கத்திலேயே தனி நிரலில் கொடுத்துவிடுங்கள், ஏனெனில் பன்னிரண்டு ரோந்துகளிலும் அந்தக் கப்பலின் மாலுமிகள் மனத்தில் இருந்தது அந்த எண்தான்.